தொன்மையும் விருந்தும்: பழைய வீடியோ விளையாட்டு வகைகளைப் புதுப்பிக்க வேண்டுமா?

(கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பைக் கண்டு உங்களுள் சிலர் வியந்திருக்கக் கூடும். கவியரங்கமும் நூல் திறனாய்வும் நடைபெறும் மேடையில் வீடியோ விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பது இயல்பே. ஆனால் தலைப்பில் உள்ள வினாவைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். பழைய வகைகள் இக்காலத்திற்கு ஏற்பப் புதுப்பிக்கப்பட்டால்தான் நிலைபெறுமா என்பது அவ்வினா. அதில் 'விளையாட்டு' என்ற சொல் நிற்கும் இடத்தில் 'வெண்பா' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். 1959-இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கிய காலந்தொட்டு நாம் ஓயாமல் வாதிட்டு வரும் வினா அதுவேயன்றோ? மரபுக் கவிதை எழுதுவோரும் புதுக்கவிதை எழுதுவோரும் ஒரே பாயில் அமர்ந்திருக்கும் இவ்வவையில் இவ்வினாவைப் பேசுவதில் பிழையேதும் இல்லை என்று எண்ணுகிறேன்.

வகை என்பது யாது?

தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டினைத் தொகுத்துக் கூறும்போது தொன்மை, விருந்து என்னும் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தார். பழைமை பற்றிய செய்தியைத் தொடுத்துக் கூறுவது தொன்மை. புதியதாகப் படைத்துக்கொண்ட யாப்பின்மேல் வருவது விருந்து. ஒன்று மற்றொன்றை விழுங்கியாக வேண்டும் என்று அவர் விதிக்கவில்லை. இரண்டும் வனப்பே என்றார். என் உரை முழுவதற்கும் அந்த வரிசையையே அடித்தளமாகக் கொள்கிறேன்.

வீடியோ விளையாட்டில் வகை என்பது கதையைப் பொறுத்ததன்று. திரைப்படத்தைக் குடும்பக் கதை, துப்பறியும் கதை என்று பொருளால் பிரிக்கிறோம். விளையாட்டிலோ ஆடுபவர் என்ன செய்கிறார் என்பதே வகையை வகுக்கிறது. மேட்டுக்கு மேடு தாவிச் செல்வது ஒரு வகை. அணியணியாக இறங்கி வரும் பகைவரைச் சுடுவது ஒரு வகை. மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்குவது ஒரு வகை. எழுத்தால் வருணிக்கப்படும் ஓர் இடத்தினுள், சொற்களைத் தட்டச்சுச் செய்தே நடந்து செல்வது மற்றொரு வகை. நம் சிற்றிலக்கியங்களைக் கொண்டு சொல்வதாயின், விளையாட்டு வகை பரணியைப் போன்றதன்று, அந்தாதியைப் போன்றது. பரணிக்குப் போர் வேண்டும். அந்தாதிக்கு எப்பொருளும் ஆகும். முடிவு தொடக்கமாகும் அந்தத் தொடை ஒன்றே அதன் அடையாளம்.

இவ்வகைகளுள் பெரும்பாலானவை 1975-க்கும் 1995-க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் உருவானவை. 1978-இல் ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். 1980-இல் தோரு இவாதானி 'பேக்-மேன்' செய்தார். 1984-இல் மாஸ்கோ அறிவியற் கழகத்துக் கணிப்பொறி மையத்தில் அலெக்ஸி பஜித்னோவ் 'டெட்ரிஸ்' செய்தார். 1990-களில் நம் ஊர்களுக்கு இவை வந்து சேர்ந்த வழி வேறு. நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்த மலிவுக் கருவிகள் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கப்பட்டன. ஒரே கேசட்டில் இலட்சக்கணக்கான ஆட்டங்கள் உண்டென்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பவை சில பத்துகளே. மாரியோவும் கான்ட்ராவும் அன்றைய சிறுவர்க்கு அறிமுகமானது இப்படித்தான். இன்று நடுவயதை எட்டியிருக்கும் அத்தலைமுறை, தம் பிள்ளைகளின் கைப்பேசியைப் பார்த்து, "இதெல்லாம் ஓர் ஆட்டமா?" என்கிறது. பிள்ளைகளோ பழைய ஆட்டத்தைப் பார்த்து அதே வினாவைத் திருப்பிக் கேட்கின்றனர்.

இரு தரப்பு வாதங்கள்

புதுப்பிக்க வேண்டும் என்போரின் வாதம் வலுவானது. பழைய ஆட்டங்கள் காரணமின்றிக் கடினமானவை; ஆடுபவரைத் தண்டிப்பவை; இன்றைய கண்ணுக்கும் கைக்கும் பழகாதவை. 1998-இல் வெளிவந்த 'ரெசிடென்ட் ஈவில் 2' என்னும் அச்சச்சுவை ஆட்டத்தில், அறையின் மூலையில் அசையாமல் நிற்கும் கண் வழியாகவே எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். 2019-இல் அதே ஆட்டத்தை மறுபடி செய்தபோது, ஆடுபவரின் தோளுக்குப் பின்னால் பார்வையைக் கொண்டுவந்தார்கள். புதிய தலைமுறை அதை விரும்பி ஏற்றது. மாற்றாமல் விட்டிருந்தால் அருங்காட்சியகப் பொருளாகவே போயிருக்கும் என்பது இத்தரப்பின் கூற்று.

மறுதரப்பின் வாதமும் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. அமெரிக்காவில் 1989-இல் நின்டெண்டோ கருவிக்கு வந்த டெட்ரிஸைப் பல்லாண்டுகளாகப் போட்டி வைத்து ஆடி வருகிறார்கள். எந்த மாற்றமும் செய்யப்படாத அதே பழைய ஆட்டம். அதில் 29-ஆம் நிலையோடு மனித ஆற்றல் முடிந்துவிடுகிறது, கட்டைகள் அத்துணை விரைவாக விழுகின்றன என்றே நெடுங்காலம் நம்பினர். பின்னர் விரல் பயன்படுத்தும் முறையையே மாற்றிக் கண்டுபிடித்தனர். 2023 டிசம்பரில், 13 வயதுச் சிறுவன் ஒருவன் 150-ஐயும் தாண்டிச் சென்று, கணிப்பு இயலாமல் கருவியே உறைந்து நிற்கும் இடத்தை எட்டினான். 34 ஆண்டுப் பழைய ஆட்டம் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியவர்கள் ஆடியவர்கள். இதைப் புதுப்பித்திருந்தால் அந்தச் சிறுவன் எதை வென்றிருப்பான் என்று இத்தரப்பினர் கேட்கின்றனர்.

இரு தரப்பும் மெய்யைச் சொல்லுகின்றன. ஆனால் இருவரும் 'பழைய ஆட்டம்' என்பதைப் பிரிக்க முடியாத ஒரே பொருளாகக் கொண்டு வாதிடுகின்றனர். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

யாப்பு, கட்டாயம், பொருள்

என் கருத்தில், ஒவ்வொரு விளையாட்டு வகையிலும் மூன்று கூறுகள் பின்னிக் கிடக்கின்றன. முதலாவது அதன் யாப்பு: எந்த விதியை எடுத்துவிட்டால் அது அதுவாக இராதோ அந்த விதி. இரண்டாவது கட்டாயம்: அக்காலத்துக் கருவியாலும் வணிகத்தாலும் அதன்மேல் சுமத்தப்பட்டவை. மூன்றாவது பொருள்: அதனுள் சொல்லப்படும் வாழ்க்கை.

கட்டாயத்திற்குச் சான்று சொல்கிறேன். பழைய ஆட்டங்களில் மூன்று உயிர் தருவார்கள். மூன்றும் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது கலை நோக்கத்தால் பிறந்ததன்று. கடைகளில் நின்ற பெட்டிகள் நாணயம் விழுங்குபவை. ஆடுபவர் சில நிமிடங்களில் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். வீட்டுக் கருவி வந்து நாணயம் போன பின்னும் அந்த மூன்று உயிர் வழக்கம் தொடர்ந்தது. அதுபோலவே, நின்டெண்டோவின் பழைய கருவி ஒரு கிடைவரியில் எட்டு உருவங்களுக்கு மேல் காட்ட இயலாது. மிகுந்தால் உருவங்கள் மினுக்கி மறையும்.

2014-இல் 'ஷவல் நைட்' என்றோர் ஆட்டம் வந்தது. பார்ப்பதற்கு முப்பதாண்டுக்கு முந்தைய ஆட்டம் போலவே இருக்கும். ஆனால் செய்தவர்கள் எதை வைப்பது, எதை விடுவது என்று எண்ணியெண்ணிச் செய்தனர். அந்த மினுக்கலை விட்டார்கள். மூன்று உயிர் வழக்கத்தை விட்டார்கள். தோற்றால் சேர்த்த செல்வத்தில் ஒரு பகுதி சிதறும். துணிவிருந்தால் திரும்பிச் சென்று எடுத்துக்கொள்ளலாம். தாவுதல், அளந்து அடி வைத்தல், பகைவன் அசைவைக் கற்றல் ஆகிய யாப்பில் மட்டும் கைவைக்கவில்லை.

இதில் நாம் அறியாத புதுமை ஏதும் இல்லை. மர்ரே எஸ். ராஜம் அவர்கள் 1950-களில் சங்க நூல்களையும் பிறவற்றையும் சந்தி பிரித்து மலிவு விலையில் பதிப்பித்ததை நினைத்துப் பாருங்கள். ஓலையில் இடம் மிச்சமாக, புள்ளியும் இடைவெளியும் இன்றி எழுதியது அக்காலத்துக் கட்டாயம். சொற்களைப் பிரித்து அச்சிட்டதால் புறநானூறு புறநானூறு அல்லாமற் போய்விட்டதா? யாப்பு அறிந்தவர் சேர்த்துப் படித்துக்கொண்டார். அறியாதவர் பிரித்துப் படித்துப் பொருளறிந்தார். கதவு அகலமாயிற்று, வீடு மாறவில்லை. 2018-இல் வந்த 'செலஸ்ட்' என்னும் மலையேறும் ஆட்டத்தில் துணைமுறை என்ற ஒன்றை வைத்தனர். இயலாதவர் ஆட்டத்தின் விரைவைக் குறைத்துக்கொள்ளலாம். அது உரை நூலின் துணை போன்றது. உரையோடு திருக்குறள் படிப்பவரை எவரும் இகழ்வதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். கட்டாயமாய்ப் பிறந்தது யாப்பாகவே முதிர்ந்துவிடுவதும் உண்டு. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் பகைவர் குறையக் குறைய எஞ்சியவர் விரைந்து வருவர். நிஷிகாடோ அதை முதலில் திட்டமிட்டுச் செய்யவில்லை. அக்காலக் கணிப்பொறிச் சில்லு பல உருவங்களை வரையும்போது திணறியது. உருவங்கள் குறைந்தபோது சுமை குறைந்து விரைந்தது. அந்தக் குறையை அவர் அப்படியே விட்டுவைத்தார். இன்று அந்த விரைவு இல்லாத ஸ்பேஸ் இன்வேடர்ஸை எவரும் ஏற்க மாட்டார். மனனம் செய்வதற்கு உதவியாக நின்ற எதுகையும் அந்தாதித் தொடையும் அச்சு வந்த பின்னும் அழகாக நிலைத்ததை இதனோடு ஒப்பிடலாம். ஆகவே, 'இது பழைய கருவியின் குறை, நீக்கிவிடு' என்று கத்தியை எடுக்கும் முன், அக்குறையின்மேல் எது வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

யாப்பையே மாற்றினால்?

யாப்பையும் மாற்றத் துணிபவர் உண்டு. அது குற்றமா? நன்னூலார் காலத்தின் போக்கில் வரும் மாற்றத்தைக் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆயினும் அதற்கொரு முறை உண்டு.

1980-இல் 'ரோக்' என்றோர் ஆட்டம் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களால் செய்யப்பட்டது. எழுத்துக் குறிகளாலேயே வரையப்பட்ட நிலவறை. ஒவ்வொரு முறையும் அதன் வழிகள் புதிதாக அமையும். இறந்தால் இறந்ததுதான், மீட்சி இல்லை. இதனைப் பின்பற்றிப் பல ஆட்டங்கள் எழுந்தன. 2008-இல் பெர்லினில் கூடிய ஆர்வலர்கள் இவ்வகைக்கு இலக்கணமே வகுத்தனர்: எவை தலையாய உறுப்புகள், எவை சிறுபான்மை என்று பட்டியல் இட்டனர். நம் யாப்பிலக்கண ஆசிரியர்கள் கண்டால் மகிழ்ந்திருப்பார்கள். 2020-இல் 'ஹேடிஸ்' என்னும் ஆட்டம் முழுமையாக வெளிவந்து அவ்விலக்கணத்தின் நெஞ்சையே மாற்றியது. அதில் கிரேக்கப் பாதாளத்து அரசனின் மகன் தப்பிச் செல்ல முயல்கிறான்; இறக்கிறான்; இறந்தால் மீண்டும் தந்தையின் மாளிகைக்கே வந்து சேர்கிறான். ஆனால் ஒவ்வோர் இறப்பிலும் கதை வளர்கிறது, உறவுகள் மலர்கின்றன. அறிவியற் புனைவுக்கு வழங்கும் ஹ்யூகோ விருது வீடியோ விளையாட்டுக்கென முதன்முதலாக 2021-இல் வழங்கப்பட்டபோது இதற்கே கிடைத்தது.

பழைமை விரும்பிகள் என் செய்தனர்? சிலர் சினந்தனர். ஆனால் மீட்சி தரும் ஆட்டங்களுக்கு 'ரோக்லைட்' என்ற வேறு பெயர் அதற்கு முன்பே வழங்கி வந்தது. பழைய பெயர் பழைய யாப்புக்கே நின்றது. இதைத்தான் நம் முன்னோர் பாவினம் என்றனர். வெண்பாவின் இனமாக வெண்டாழிசையும் வெண்டுறையும் வெளிவிருத்தமும் வந்தன. வெண்பாவைத் திருத்தி அவற்றை உண்டாக்கவில்லை. அதன் அருகில் வைத்தனர். இன்றும் இவ்வவையில் ஒருவர் எழுந்து தளை தட்டாமல் வெண்பாச் சொல்ல முடிகிறதென்றால் அந்த ஏற்பாடே காரணம்.

நம் நாட்டு ஆட்டங்களிலும் இரு வழிகளும் நிகழ்ந்துள்ளன. சதுரங்கம் பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா சென்றபோது, அரசன் அருகில் நிற்கும் அமைச்சர்க்காய் மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகரும். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது வலிமை மிக்க அரசியாயிற்று. அப்புதிய விதியில் நடந்த ஆட்டத்தின் மிகப் பழைய பதிவு எங்கே இருக்கிறது தெரியுமா? ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் மூன்று புலவர்கள் சேர்ந்து இயற்றிய ஒரு காதற் பாட்டில் இருக்கிறது. அறுபத்து நான்கு கட்டங்களுக்கு அறுபத்து நான்கு செய்யுள். ஒருவர் வெள்ளைக்காய், ஒருவர் கருப்புக்காய், ஒருவர் நடுவர். ஆட்டத்தின் புது யாப்பைப் பதிவு செய்தவர்கள் கவிஞர்கள் என்பதை இவ்வட்டத்தின் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். அந்த யாப்பு மாற்றம் ஆட்டத்தை ஆழப்படுத்தியது. 2022-இல் மாமல்லபுரத்தில் உலக ஒலிம்பியாட் நடத்தும் அளவுக்கும், 2024-இல் சென்னை இளைஞர் குகேஷ் உலக வெற்றியாளர் ஆகும் அளவுக்கும் அது வாழ்கிறது.

பரமபதத்திற்கு நேர்ந்தது வேறு. வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருந்து ஆடிய அந்தப் படத்தில் ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு தீவினை, ஒவ்வோர் ஏணிக்கும் ஒரு நல்வினை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குச் சென்று சிறுவர் ஆட்டமாகப் பரவியபோது, அப்பெயர்கள் நாளடைவில் உதிர்ந்தன. எஞ்சியது பாம்பும் ஏணியும் பகடையும் மட்டும். ஆட்டம் உலகெங்கும் பரவியது உண்மை. ஆனால் அதில் ஆடுபவர் முடிவு செய்ய ஏதும் இல்லாததால், பொருள் ஒன்றே அதற்கு உயிராயிருந்தது. அப்பொருளை எடுத்தபின் பகடை உருளும் ஓசைதான் மிச்சம்.

வெண்பா என்றொரு விளையாட்டு

இனி மூன்றாவது கூறாகிய பொருளுக்கு வருகிறேன். பழைய வகை பயனற்றதாகிவிட்டது என்று சொல்லப்படும்போதெல்லாம், பெரும்பாலும் அதன் யாப்பு பழையதாவதில்லை. அதனுள் திரும்பத் திரும்ப ஒரே பொருளைச் சொன்னதால்தான் சலித்துப் போகிறது. இளவரசியை மீட்பதும் அரக்கனைக் கொல்லுவதும் எத்தனை முறை? உலா என்றால் தலைவன் பவனி வரவேண்டும், மகளிர் மயங்க வேண்டும் என்று பல நூல்கள் வந்து சலித்த நிலை நாம் அறியாததா?

1996-இல் ஜப்பானில் 'ஹார்வெஸ்ட் மூன்' என்னும் உழவு ஆட்டம் வந்தது. எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர், அவ்வகையின் நல்ல ஆட்டங்கள் வரவில்லையே என்ற ஏக்கத்தால், நான்கரை ஆண்டுகள் தனியொருவராக உழைத்து 2016-இல் 'ஸ்டார்டியூ வேலி' வெளியிட்டார். உருவங்கள் பழைய பாணிப் புள்ளி ஓவியங்களே. நிலம் உழுதல், விதைத்தல், நீர் பாய்ச்சல், பருவம் காத்தல் ஆகிய யாப்பும் பழையதே. 2024 இறுதிக்குள் நான்கு கோடிப் படிகளுக்கு மேல் விற்றுவிட்டது. கோமுகி ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் பயிரிடும் நம் மக்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். நகரத்தில் மண்ணைத் தொடாமல் வளர்ந்தவர்க்கு அது வேட்கை. பழைய யாப்பு இன்றைய ஏக்கம் ஒன்றைத் தொட்டது, அவ்வளவே.

நமக்கு இன்னும் அணுக்கமான சான்று ஒன்று உண்டு. 2023 ஜூலை 31 அன்று கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழு ஒரு விளையாட்டை வெளியிட்டது. அதன் பெயர் 'வெண்பா'. 1980-களில் தமிழகத்திலிருந்து கனடா சென்று குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. தாய் பெயர் வெண்பா, தந்தை பெயர் பாவலன், மகன் கவின். தன் தாய் எழுதிக் கொடுத்த சமையற் குறிப்பேடு சிதைந்து, எழுத்துகள் அழிந்து கிடக்கின்றன. எஞ்சிய குறிப்புகளைக் கொண்டு இட்டிலியையும் புட்டையும் எப்படிச் செய்வது என்று ஆடுபவர் ஊகித்துச் செய்ய வேண்டும். இட்டிலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி மேலேறும் என்பதே ஒரு புதிர். மகன் வளர வளர வீட்டின் மொழி அவனிடமிருந்து நழுவுகிறது.

இது எந்த வகை? சமையல் ஆட்டமும் உரையாடற் கதை ஆட்டமும் புதிதல்ல; இரண்டும் பல்லாண்டுப் பழைய வகைகள். வழக்கமான சமையல் ஆட்டத்தில் கடிகாரம் துரத்தும், மதிப்பெண் விழும். இக்குழுவினர் அந்தக் கடிகாரத்தை எடுத்துவிட்டனர். சிதைந்த ஏட்டை மீட்பதையே புதிராக்கினர். ஒன்றரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும் இச்சிறு ஆட்டம் 2024-இல் தனிப் படைப்பாளர்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலையாய பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் முதற்படைப்புக்கான விருதையும் பெற்றது. புதிய கருவி நுட்பத்தால் வந்த வெற்றி அன்று அது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் துயரை முன்னர் எவரும் அவ்வகையினுள் வைத்ததில்லை, அவர்கள் வைத்தார்கள்.

கழிவது வேறு, இழப்பது வேறு

இவ்விடத்தில் ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். புதுப்பிக்க வேண்டுமா என்று நாம் வாதிடும் வேளையில், பழையவை ஓசையின்றி மறைந்து கொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விலைக்கே கிடைப்பதில்லை என்பது அதன் முடிவு. கருவிகள் பழுதாகின்றன, நிறுவனங்கள் மூடப்படுகின்றன, உரிமை எவரிடம் உள்ளதென்றே தெரிவதில்லை. மறுபடி செய்யப்பட்ட புதிய பதிப்பு வந்ததும், மூலத்தைக் கடையிலிருந்து எடுத்துவிடும் வழக்கமும் உண்டு.

உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அதனை எளிய நடையில் திருத்தி எழுதித் தரவில்லை. மூலத்தை மூலமாகத் தந்தார். நச்சினார்க்கினியர் உரையை உடன் தந்தார். மூலம் கையில் இருந்ததனால்தான் பின்வந்தோர் உரைநடையாக்கவும் நாடகமாக்கவும் மறுக்கவும் முடிந்தது. விளையாட்டுக்கும் இதுவே நெறி என்பேன். மறுபடைப்பு வரட்டும், ஆனால் மூலத்தின் இடத்தில் வரக்கூடாது, மூலத்தின் அருகில் வரவேண்டும். அதே வேளையில், காப்பது மட்டும் போதாது என்பதையும் மறுப்பதற்கில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். தொழில் வாழ்வதற்கு அடுத்த தலைமுறையில் உளி பிடிக்க ஒருவர் வேண்டும்.

இடைகழியின் இருட்டு

அந்த ஒருவர் இவ்வட்டத்திலிருந்தும் வரலாம் என்பதே நான் இறுதியாகச் சொல்ல வந்தது.

விளையாட்டு வகைகளுள் மிகப் பழைமைப்பட்டதென்று வணிக உலகம் கைவிட்டது எது? சொற்களால் மட்டும் ஆடும் ஆட்டம். 1976-இல் வில் க்ரௌதர் என்னும் கணிப்பொறியாளர், தாம் அளந்து வரைந்த கென்டக்கி மாநிலத்துக் குகையைத் தம் பெண்மக்கள் ஆடுவதற்காக எழுத்தில் அமைத்தார். படம் இல்லை, ஓசை இல்லை. 'நீ ஓர் இடத்தில் நிற்கிறாய், இன்னின்ன தெரிகின்றன' என்று திரையில் எழுத்து வரும். 'விளக்கை எடு', 'வடக்கே செல்' என்று நாம் எழுத வேண்டும். விளக்கின்றிச் சென்றால் இருளில் விழுந்து சாவோம். 1980-களில் செழித்த இவ்வகையை, படங்கள் சிறந்தபின் நிறுவனங்கள் கைவிட்டன. ஆனால் அது சாகவில்லை. ஆங்கிலக் கவிஞரும் கணித அறிஞருமான கிரஹாம் நெல்சன் 1993-இல் 'இன்ஃபார்ம்' என்னும் ஆக்கக் கருவியை இலவசமாகத் தந்தார். 1995 முதல் ஆண்டுதோறும் போட்டி நடைபெறுகிறது. 2009-இல் வந்த 'ட்வைன்' என்னும் இலவசக் கருவியால், நிரல் எழுத அறியாதவரும் கிளைவிடும் கதையை அமைக்கலாம். இந்த வகைக்கு ஓவியர் வேண்டாம், பெரும்பொருள் வேண்டாம். நல்ல சொல் வேண்டும். அது இவ்வவையில் உள்ளவர்களிடம் இருக்கிறது.

தமிழில் இதற்கு ஓர் உண்மையான இடர்ப்பாடு உண்டு. 'விளக்கை எடு', 'விளக்கெடு', 'விளக்கினை எடுத்துக்கொள்' ஆகிய மூன்றும் ஒரே கட்டளை என்று இயந்திரம் அறிய வேண்டும். புணர்ச்சியும் வேற்றுமையும் அறிந்தவர்கள் கணிப்பொறி அறிந்தவர்களோடு அமர்ந்தாலன்றி இது நடவாது. புதுப்பித்தல் எங்கே வேண்டும் என்று கேட்டால், இங்கேதான் வேண்டும் என்பேன். பழைய வகையின் யாப்பு நம் மொழியின் இயல்புக்கு இசைய வேண்டும். அந்த இசைவு வரும்வரை, தெரிவு செய்து நகரும் ட்வைன் முறை நமக்குப் போதும்.

பொருளுக்கு நாம் எங்கும் செல்ல வேண்டியதில்லை. 2019 நவம்பரில் பிறந்த நம் மாவட்டத்தின் எல்லைக்குள்தான் திருக்கோவலூர் இருக்கிறது. மழை இரவில், இருண்ட இடைகழி ஒன்றில் மூன்று ஆழ்வார்கள் சந்தித்த கதையை நீங்கள் அறிவீர்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே உள்ள இடம். நான்காவதாக யாரோ நெருக்குகிறார். யார் என்று தெரியவில்லை. விளக்கு வேண்டும். இருவர் சொல்லால் விளக்கேற்றுகின்றனர், மூன்றாமவர் காண்கிறார். நூறு நூறு வெண்பாக்களாக மூன்று அந்தாதிகள் பிறக்கின்றன. குகையும் இருளும் விளக்குமாக அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய அந்த ஆட்ட வகையின் உறுப்புகள் அனைத்தும் இந்தக் கதையில் இருக்கின்றன. அந்த ஊரிலேயே பெண்ணையாற்றின் நடுவில் கபிலர் குன்று நிற்கிறது. பாரியை இழந்து, அவன் மகளிரைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டு உயிர் நீத்த புலவனின் நினைவிடம் அது. கல்வராயன் மலையில் பெரியவர்கள் சொல்லும் கதைகள் இன்னும் ஏடேறாமல் இருக்கின்றன. இவற்றுள் ஒன்றை எடுத்துப் பத்து நிமிடம் ஆடக்கூடிய ஒரு சொல்லாட்டமாக, இவ்வட்டத்துக் கவிஞர் இருவரும் கல்லூரி மாணவர் ஒருவரும் சேர்ந்து ஓராண்டில் செய்யலாம். பதினோராம் ஆண்டு விழாவில் அதை ஆடிக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கிட்ட வினாவுக்கு என் விடையைத் தொகுத்துச் சொல்லி அமர்கிறேன். பழைய விளையாட்டு வகைகள் நிலைபெறுவதற்காகப் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது முழு உண்மையன்று. காலம் சுமத்திய கட்டாயங்களை, அவற்றின்மேல் அழகு வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தபின் நீக்கலாம். பொருள் எக்காலத்தும் புதிதாக வேண்டும். யாப்பை மாற்றினால் அதற்குப் புதுப்பெயர் தந்து, பழையதைப் பழையதாக வாழவிட வேண்டும். மூலம் எவர் கைக்கும் எட்டும்படி இருத்தல் வேண்டும். தொன்மையையும் விருந்தையும் ஒரே வரிசையில் வைத்த ஆசிரியரின் வழி வந்தவர்களுக்கு இது புதிய நெறியன்று.